லேபிள் அக்கா

கடைக்காரர்கள் ஆளைப் பார்த்ததும் "வாங்க" என்பார்கள். என் கடைக்குப் பக்கத்துக் கடை அக்கா, "கதவைத் திறங்க" என்பார்.

வந்தவர் திருதிருவென்று விழிப்பார். அதற்குள் அக்கா படியிறங்கி, கழுத்தில் கயிற்றோடு தொங்கும் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, தெருவில் நிற்கும் அவருடைய காருக்குப் பக்கத்தில் போய்க் குந்தியிருப்பார். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், கதவு வந்து சாத்துகிற தூணில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயருக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்றெல்லாம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அக்கா செல்போன் வெளிச்சத்தில் அதை உதடு அசைய வாசிப்பார். அடுத்து வண்டியின் எண் பொறித்த தகட்டைத் தேடுவார். அதற்கப்புறம் வெயில் மறைப்பை இறக்கி, அதில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையைப் படிப்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் எழுந்து, முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, "இப்பச் சொல்லுங்க, என்ன வேணும்" என்று கேட்பார்.

போர்ட் பிளேர் ஜங்கிலிகாட்டில் அவருடையது கார்ச் சாமான் கடை. ஹாரன், கூடுதல் விளக்கு, மிதியடி, டாஷ்போர்டில் வைக்கிற பொம்மை எல்லாம் விற்பார். என்னுடையது சீட் கவர் தைக்கிற கடை. இரண்டுக்கும் நடுவே ஒரு தகரத் தடுப்புதான். அவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். கணவருக்குக் கப்பலில் என்ஜின் ரூம் வேலை, மாதத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். நான் ராமநாதபுரத்திலிருந்து தாய்மாமன் பின்னால் கப்பலேறி வந்தவன். தமிழாட்களுக்கு அவர் லேபிள் அக்கா. வங்காளிகளுக்கும் தெலுங்குக்காரர்களுக்கும் லேபிள் தீதி. சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"ஒரு ஸ்டிக்கர்ல அப்படி என்னக்கா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கம்பெனிக்காரன் கஞ்சப்பய தம்பி. தேவையில்லாம ஒரு ஸ்டிக்கர் கூட ஒட்ட மாட்டான். ஒட்டியிருக்கான்னா, ஒட்டலேன்னா அவனுக்குத் தூக்கம் வராதுன்னு அர்த்தம்."

இப்படி வாய்க்கு வாய் ஏதாவது வந்துகொண்டே இருக்கும். "வண்டிக்கு வாய் கிடையாது, அதான் எழுதி ஒட்டி அனுப்பியிருக்கான்" என்பார். "ஒயரை வெட்டுனா அந்த வெட்டு வழியா கடலு உள்ள வந்துரும்" என்பார். இது தீவுக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். எங்கள் ஊர்க் காற்றில் உப்பு அதிகம். ஒயரை வெட்டி ஒட்டுப்போட்ட இடம் ஒரு மழைக்காலத்துக்குள் பச்சையாய்ப் பூத்துவிடும்.

ஆட்களையும் லேபிளால்தான் நினைவு வைத்திருப்பார். "அந்த முப்பத்திமூணு வந்தாரா?" என்று தடுப்புக்கு மேலே தலையை நீட்டிக் கேட்பார். முப்பத்திமூன்று என்பது அந்த ஆள் காரின் டயர்க் காற்று அளவு. மீன் ஏற்றுமதி செய்கிற வங்காளி ஒருவர் எங்கள் தெருவில் கடைசிவரை முப்பத்தாறாகவே இருந்தார். அவருக்கே அது பழகிவிட்டது. போனில் கூப்பிட்டால், "தீதி, மே சத்தீஸ் போல் ரஹா ஹூன்" என்று தன்னை முப்பத்தாறு என்றே சொல்லிக்கொள்வார்.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். வியாபாரத்துக்கு ஆகாது. கேட்ட சாமானைக் கொடுக்காமல் திருப்பி அனுப்புவதில் அந்த அக்காவுக்கு இருந்த சந்தோஷத்தை வேறு எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. வண்டூருக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போகும் டிரைவர் ஒருவர், முன்னால் நான்கு பெரிய விளக்கு போடவேண்டும் என்று வந்தார். அக்கா குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, "ரெண்டு போடலாம். அதுக்குத் தனி ஃபியூஸ், தனி ரிலே. நாலு போட்டா இந்த வண்டி தாங்காது" என்றார்.

"அரே தீதி, நேரா பேட்டரில குடுத்துருங்க, சலேகா, ஒண்ணும் ஆகாது."

"சலேகா சலேகான்னுதான் பாதித் தீவு கரிஞ்சு கெடக்கு. போங்க, எதிர்க்கடையில போடுவாங்க."

எதிர்க்கடையில் போட்டார்கள். ஒரு வாரத்தில், புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்றை ஏற்றிக்கொண்டு வண்டூர் ரோட்டில் போகும்போது பானெட்டிலிருந்து புகை வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஜோடி புகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டதாம். டிரைவர் கருகிய ஒயரைக் கையில் பிடித்தபடி அக்கா கடைக்கு வந்தார். நல்ல மனுஷி என்றால் அந்த நேரத்தில் ஒன்றும் சொல்லாமல் இருப்பாள். எங்கள் அக்கா அப்படி இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கிறவரை சொன்னார்.

என்னையும் விட்டுவைக்கவில்லை. புது மாதிரிக் கார்களில் சீட்டின் ஓரத்திலும் காற்றுப்பை வைக்கத் தொடங்கிய சமயம். நான் ஒரு வண்டிக்கு அழகாகப் பைப்பிங் வைத்து, ஓரத்தை இறுக்கி, இரட்டைத் தையல் போட்டு வைத்திருந்தேன். அக்கா கத்தரிக்கோலோடு வந்தார்.

"இந்தச் சீட்டுல ஓரமா ஒரு துணி நாக்கு தொங்குதே, பாத்தீங்களா? ஏர்பேக்னு எழுதியிருக்குல்லா?"

"அது கம்பெனி பேர்னு நெனச்சேன்க்கா."

"நல்லா நெனச்சீங்க. வண்டி மோதுனா அந்த ஓரத்தைக் கிழிச்சுக்கிட்டுத்தான் பை வெளிய வரணும். நீங்க போட்ட தையலுக்கு, பை உள்ளேயே கெடந்து அழுவும். இந்த ஓரத்தைத் தைக்காம விடுங்க."

என் கண்ணெதிரிலேயே வெட்டினார். அன்றைக்கு எனக்கு ஒரே கோபம். அதற்கப்புறம் அந்த வகை வண்டி எது வந்தாலும் ஓரத்தைத் திறந்துதான் விடுகிறேன்.

அக்கா சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்றும் நினைக்கவேண்டாம். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த பழைய வண்டி ஒன்றுக்குத் தூணில் இல்லாமல் கதவிலேயே இருந்த ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, அதன்படியே காற்று அடிக்கச் சொன்னார். ஓட்டிப் போனவர் மறுநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி பந்து மாதிரி துள்ளியதாம். பார்த்தால், எங்கேயோ இடிபட்ட வண்டிக்கு வேறு மாடல் கார் ஒன்றின் கதவை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். அக்கா அந்தக் கதவை ஒருமுறை திறந்து மூடினார். பிறகு, "கதவு பொய் சொல்லியிருக்கு. அது சொன்னதைத்தான் நான் சொன்னேன்" என்றார். அன்றிலிருந்து ஸ்டிக்கரைப் படித்ததோடு விடாமல், அதை வண்டியின் எண் தகட்டோடும் ஒத்துப்பார்ப்பது வழக்கமாயிற்று.

இன்னொரு தொந்தரவு, துருவுக்குப் பயந்து எங்கள் தீவுக்காரர்கள் செய்கிற வேலை. புது வண்டி இறங்கியதுமே அடியில், ஓரத்தில், கதவிடுக்கில் எல்லாம் கறுப்புப் பூச்சு அடித்துவிடுவார்கள். ஸ்டிக்கரும் போகும், பொறித்த எண்ணும் போகும். பிறகு வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோனால், எண் எங்கே என்று ஆபீசர் கேட்பார், சொந்தக்காரர் கறுப்பைக் காட்டுவார். அப்படி வந்த வண்டிகளுக்குப் பக்கத்தில் அக்கா மண்ணெண்ணெய்த் துணியோடு உட்கார்ந்து, குழந்தைக்கு மூக்குச் சிந்திவிடுகிற மாதிரி மெதுவாகத் துடைப்பார். முதல் எழுத்து தெரிந்ததும் முகம் மலரும். "வா ராசா, வெளிய வா" என்பார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாலும் இந்தப் பழக்கம் போகாது. வெளியே நிற்கும் கார்களில் பூட்டாத கதவு எது என்று இழுத்துப் பார்ப்பார். ஒருநாள் ஒரு வண்டி அலாரம் போட்டு அலறி, சாமியார் பிரசங்கத்தை நிறுத்தவேண்டியதாயிற்று. "நம்ம லேபிள் அக்கா வந்துட்டாங்கன்னு நெனக்கிறேன்" என்று மைக்கிலேயே சொன்னாராம்.

அதனால்தான் அவர் மகள், தன்னைப் பெண் பார்க்க வருகிற நாளுக்கு அவ்வளவு பயந்தாள்.

மகள் நர்ஸ். தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில் வாத்தியாராக இருக்கும் பையன் ஒருவனோடு கப்பலில் போகும்போது பழகி, பிடித்து, இரண்டு பக்கமும் சொல்லிவிட்டாள். பையனின் அப்பா ரிட்டயர்டு பட்டாளத்துக்காரர், திருச்சிப் பக்கம். அவர்களும் வேதக்காரர்கள்தான். ஆனால் அவர் முன்கோபி. எதையும் ஒருமுறைதான் சொல்வார், யாரும் குறுக்கே பேசக்கூடாது என்று பையனே சொல்லியிருந்தான். போர்ட் பிளேருக்குப் புதுக் கார் வாங்க வருகிறோம், அந்த வாரமே கப்பலில் ஏற்றிக் கேம்பல் பேக்குக் கொண்டுபோகிறோம், அப்படியே பெண்ணையும் பார்த்துவிடுகிறோம் என்று தகவல் வந்தது.

அக்காவின் கணவர் கடலில் இருந்தார். துணைக்கு நானும் என் வீட்டம்மாவும் மரைன் ஹில்லில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சித்தப்பா, உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். அம்மா அந்தக் கார்கிட்டப் போகக் கூடாது. காரைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அவங்கப்பா அந்த வண்டி மேல உசுரையே வச்சிருக்காராம்."

"நான் என்ன பைத்தியமாட்டி" என்றார் அக்கா உள்ளேயிருந்து. "உன் கல்யாணத்தை விட எனக்கு ஸ்டிக்கர் பெருசா? நான் வாயே தொறக்கல, போ."

மேட்டில் வண்டி ஏறுகிற சத்தம் கேட்டது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்னால் மாட்டை நிறுத்துகிற கனத்தில் இரும்புத் தடுப்பு. சீட்டெல்லாம் சிவப்பு வெல்வெட். டாஷ்போர்டில், முன்சீட்டுக்கு நேர் எதிரே, ஒரு முழ உயரத்துக்கு வேளாங்கண்ணி மாதா. பின்னால் எடுத்து நிறுத்தும்போது வண்டி ஒரு பாட்டுப் பாடியது. எதிர்க்கடையில் ஒரு சாமானையும் மிச்சம் வைக்கவில்லை போலிருந்தது. அக்காவும் என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். முந்தானையை எடுத்துக் கையில் சுற்றத் தொடங்கினார்.

வந்தார்கள், உட்கார்ந்தார்கள். அச்சு முறுக்கும் காபியும் வந்தன. பட்டாளத்துக்காரர் காரைப் பற்றியே பேசினார்.

"முன்னாடி இரும்பு போட்டிருக்கேன், பாத்தீங்களா? கேம்பல் பே ரோட்டுல காட்டுப்பன்னி வரும். வந்தா அதுக்குத்தான் நஷ்டம்."

அக்கா முறுக்குத் தட்டை நீட்டினார். "முறுக்கு எடுத்துக்கோங்க அண்ணாச்சி."

"வெல்வெட்டு. சீட்டு முழுக்க இழுத்துத் தச்சது. ஒரு சுருக்கம் இல்ல, பக்கா."

"இன்னொரு முறுக்கு எடுத்துக்கோங்க."

அவர் மடியில் முறுக்கு குவிந்துகொண்டே போயிற்று. மகள் கதவோரம் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையனின் அம்மா அதிகம் பேசாதவர். பெண்ணைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆஸ்பத்திரி வேலை எப்படி, நைட் டியூட்டி உண்டா என்று மட்டும் கேட்டார். எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர்களிடம் பேசித் தேதி சொல்கிறோம் என்று எழுந்தார்கள். நான் மூச்சு விட்டேன்.

வழியனுப்ப எல்லோரும் வாசலுக்கு வந்தோம். வண்டி இறக்கத்தைப் பார்த்து நின்றது. மரைன் ஹில் இறக்கம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நேராகத் துறைமுகத்தில் போய்த்தான் நிற்கவேண்டும். பட்டாளத்துக்காரர் ஓட்டுகிற சீட்டில் ஏறினார். அவர் மனைவி முன்சீட்டில், மாதாவுக்கு எதிரே. பையன் பின்னால்.

பட்டாளத்துக்காரர் காலடியில் கம்பெனி கொடுத்த மிதியடிக்கு மேலே புசுபுசுவென்று இன்னொரு மிதியடி கிடந்தது. கொக்கி எதிலும் மாட்டாமல், வழுக்கி முன்னால் போய், பிரேக் மிதிக்குக் கீழே சுருண்டிருந்தது.

நான் பார்க்கும் முன்பே அக்கா பார்த்துவிட்டார். மகள் கையைப் பிடித்தாள். அக்கா அந்தக் கையை மெல்ல விலக்கினார்.

"அண்ணாச்சி, காலைக் கொஞ்சம் எடுங்க."

"ஏன்?"

அக்கா குனிந்தார். பட்டுச்சேலையோடு தரையில் மண்டியிட்டு, அந்த மிதியடியை உருவி வெளியே எறிந்தார். அது என் காலருகே வந்து விழுந்தது.

பட்டாளத்துக்காரர் இறங்கினார். முகம் சிவந்திருந்தது. "என்னம்மா இது. நாங்க பொண்ணு பாக்க வந்தோம். நீங்க வண்டி பாக்கவா எங்களை வரச் சொன்னீங்க?"

"நீங்க பொண்ணைப் பாத்தாச்சு. நான் வண்டியைப் பாக்கேன். நாளைக்கு எம் மவ உக்காரப் போற வண்டி. இறக்கத்துல பிரேக்கு அமுங்கலேன்னா யாரைக் கேக்கது?"

"நாங்க ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்றார் அவர். அந்தக் குரலில் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று கல்யாணம் பேசிய எல்லோருக்கும் தெரியும். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். பையன் பின்சீட்டிலிருந்து பாதி இறங்கி, பாதியிலேயே நின்றான்.

அப்போது முன்சீட்டிலிருந்து அந்த அம்மா கேட்டார். "வேற என்ன எழுதியிருக்கும்மா இந்த வண்டில? எனக்குப் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது, நீங்க வாசிங்க."

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வெயில் மறைப்பை இறக்கி, எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னார். சீட் ஓரத்து வெல்வெட்டைத் தடவி, உள்ளே மாட்டிக்கிடந்த துணி நாக்கைக் கண்டுபிடித்தார். முன்னால் இருக்கிற இரும்பு, மோதலை வண்டிக்குச் சரியாகத் தெரியவிடாது, காற்றுப்பை நேரத்துக்கு விரியாது, போலீஸ் பிடித்தாலும் குற்றம் என்றார். பட்டாளத்துக்காரர் ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பேச்சுப் பேசினார். சீர்வரிசை பேசவேண்டிய இடத்தில் இரண்டு சம்பந்திகளும் நின்று கார்ச் சாமான் பேரம் பேசியதை மரைன் ஹில்லே வேடிக்கை பார்த்தது.

"இரும்பை எடுத்துர்றேன். பாட்டு இருக்கும்."

"பாட்டு இருக்கட்டும், அது யாரையும் கொல்லாது. வெல்வெட்டு?"

"வெல்வெட்டைக் கழட்ட மாட்டேன்."

"கழட்ட வேண்டாம் சார், நான் ஓரத்தை மட்டும் திறந்து தச்சுத் தர்றேன்" என்று நான் நடுவில் புகுந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தீக் ஹை, சரி" என்றார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் அக்கா. சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார். எல்லோரும் டாஷ்போர்டைப் பார்த்தோம்.

காற்றுப்பையின் மூடி மேலேயே, மாதா சிலையைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

"மாதாவை எடுக்கச் சொல்றீங்களா?" என்றார் பட்டாளத்துக்காரர். சத்தமே இல்லாமல் கேட்டார். அதுதான் பயமாக இருந்தது.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, மகளைப் பார்த்தார், மாதாவைப் பார்த்தார். இறக்கத்துக்குக் கீழே கப்பல் ஒன்று ஹாரன் அடித்தது.

"ஏங்க" என்றார் முன்சீட்டு அம்மா. "நம்மளைக் காப்பாத்தத்தான் அவங்களை இங்க வச்சோம். அந்தப் பை விரிஞ்சா நேரா என் மூஞ்சில வந்து விழுவாங்க. அந்தப் பாவத்தை அவங்க தலையில ஏன் கட்டணும்?"

பட்டாளத்துக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு, "உடையக் கூடாது" என்றார்.

அக்கா வீட்டிலிருந்து கணவரின் தூண்டில் நரம்பை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தார். அதைச் சிலைக்கு அடியில் நுழைத்து, இரண்டு பக்கமும் பிடித்து, ரம்பம் மாதிரி மெதுவாக இழுத்துப் பசையை அறுத்தேன். பட்டாளத்துக்காரர் இரண்டு கையாலும் மாதாவைத் தாங்கிப் பிடித்திருந்தார். கடைசிப் பிசிறும் விட்டதும், சிலை அவர் கைக்கு வந்தது.

வந்ததை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முன்சீட்டைப் பார்த்தார், பின்சீட்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு சிலையோடு நடந்து, கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்ற பெண்ணிடம் போனார்.

"இவங்க இங்க இருக்கட்டும்மா. கல்யாணம் முடிஞ்சு கேம்பல் பேக்கு வரும்போது நீயே கூட்டிட்டு வந்துரு."

அவள் முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள். என் வீட்டம்மா அழுதுவிட்டாள். பையன் ஒருவழியாகக் காரிலிருந்து முழுதாக இறங்கினான். நான் அக்காவின் முகத்தைப் பார்க்கத் திரும்பினேன், ஆளைக் காணோம்.

காரின் அந்தப் பக்கம் திறந்த கதவுக்குக் கீழே பட்டுச்சேலை தெரிந்தது. குந்தி உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தில் தூணோரத்து ஸ்டிக்கரை வாசித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார், இங்கே நடந்தது எதுவும் தெரியாமல். "டயரைத் தட்டிப் பாத்தேன், காத்து ரொம்பக் கூட இருக்கு. முப்பத்திரண்டுதான் போட்டிருக்கான். வால்வை அமுக்கிக் காத்தை எறக்கணும், யாராவது ஒரு குச்சி எடுத்துட்டு வாங்க."